சி வட்டும் டி வட்டும்: மேசைக்கணினி மென்பொருள்களில் பயனரின் தனித்தரவுச் சேமிப்பிடம் – ஒரு திறனாய்வு

ஆய்வுச்சுருக்கம்

மேசைக்கணினியிலும் மடிக்கணினியிலும் இயங்கும் மென்பொருள்கள் பயனரின் தனித்தரவை எவ்விடத்தில் சேமிக்க வேண்டும் என்னும் வினா தொழில்நுட்பர்களுக்கு மட்டும் உரியதாகக் கருதப்பட்டு வந்துள்ளது. தமிழகத்துப் பயனர்களிடையே நிலைபெற்றுள்ள ‘டி வட்டு’ வழக்கம், எல்காட் வழியாக வழங்கப்பட்ட இரட்டை இயங்குதள மடிக்கணினிகள், மொழியியல் ஆய்வாளர்கள் கையாளும் இரண்டு மென்பொருள்கள் ஆகியவற்றைச் சான்றாகக் கொண்டு, இவ்வினா தமிழாய்வுத் தரவின் நிலைபேற்றோடு நேரடித் தொடர்புடையது என்பதை இக்கட்டுரை நிறுவுகிறது. பயனர் படைத்தவை கண்ணுக்குத் தெரியும் இடத்திலும், அமைப்புகள் இயங்குதளம் வகுத்த இடத்திலும், மறைச்செய்திகள் பூட்டிய இடத்திலும் இருத்தல் வேண்டும் என்பது இதன் முடிவு.

திறவுச்சொற்கள்: தனித்தரவு, கோப்புறை, பயனர் அகராதி, நெல்லை வட்டார வழக்கு, எல்காட், காப்புப்படி

முன்னுரை

திருநெல்வேலியிலிருந்து மதுரை செல்லும் நெடுஞ்சாலையில் அமைந்த ஊர் கங்கைகொண்டான். முதலாம் இராசேந்திரனின் விருதுப்பெயரைத் தாங்கி, தாமிரபரணியின் துணையாறாகிய சிற்றாற்றின் கரையில் அமைந்த இவ்வூரில் இன்று சிப்காட் தொழில் வளாகமும், தமிழ்நாடு மின்னணு நிறுவனமாகிய எல்காட்டின் தகவல் தொழில்நுட்பச் சிறப்புப் பொருளாதார மண்டலமும் உள்ளன. அரசுப் பள்ளி மாணவர்களின் கைக்கு மடிக்கணினி வந்ததும் இதே எல்காட்டின் வழியாகத்தான். மென்பொருள் ஆக்கத்திற்கு இடம் அமைத்த நிறுவனமும், மென்பொருளைப் பயன்படுத்துவோரை உருவாக்கிய நிறுவனமும் ஒன்றே. ஆயினும் ஆக்குவோரின் மரபும் பயன்படுத்துவோரின் பழக்கமும் ஒரு புள்ளியில் ஒன்றையொன்று அறியாமல் நிற்கின்றன. பயனரின் தரவு கணினியில் எங்கே இருக்கிறது என்பதே அப்புள்ளி.

நெல்லை வட்டார வழக்கை ஆராயும் ஒருவரை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். களப்பணியில் பதிவு செய்த பேச்சை அவர் எழுத்தில் பெயர்க்கிறார். ‘செய்யுதான்’, ‘வந்தாவ’ போன்ற வடிவங்களைப் பிழைதிருத்தி சிவப்புக் கோடிட்டுக் காட்டும் போதெல்லாம் ‘அகராதியில் சேர்’ என்னும் கட்டளையை அழுத்துகிறார். ஈராண்டில் அப்பயனர் அகராதி அவர் திட்டமிடாமலே ஒரு வட்டாரச் சொற்பட்டியலாக வளர்ந்துவிடுகிறது. ஒருநாள் கணினி பழுதாகிறது. பழுது நீக்குபவர் இயங்குதளத்தை அழித்து மீண்டும் நிறுவுகிறார். ஆய்வேட்டுக் கோப்புகள் காப்பாற்றப்படுகின்றன, சொற்பட்டியல் அழிகிறது. அது அழிந்ததை ஆய்வாளர் மீண்டும் சிவப்புக் கோடுகளைக் கண்டபின்னரே அறிகிறார். இவ்விழப்பு யாருடைய பிழையால் நேர்ந்தது என்பதே இத்திறனாய்வின் வினா.

வைப்பிடமும் ஏடுகளின் வரலாறும்

ஒரு நூலின் வாழ்வை அதன் வைப்பிடம் தீர்மானித்தது என்பது தமிழ்ப் பதிப்பு வரலாறு அறிந்த உண்மை. உ.வே. சாமிநாதையர் ஆழ்வார்திருநகரிக் கவிராயர் இல்லங்களில் பத்துப்பாட்டு ஏட்டைப் பெற்றார். கரிவலம்வந்தநல்லூரிலோ, கோயிலில் இருந்த ஏடுகள் நெய்யில் தோய்த்துத் தீயிலிடப்பட்டன என்ற செய்தியையே அவர் கேட்க நேர்ந்தது. இரண்டிடத்தும் ஏடுகளுக்கு உரியோர் இருந்தனர். ஒன்றில் உள்ளது இன்னதென அறிந்து பேணியோர் இருந்தனர். மற்றொன்றில் பழைய பொருளை முறைப்படி அகற்றியதாகவே பொறுப்பாளர் கருதினர். தீங்கு செய்யும் நோக்கமின்றியே அழிவு நேர்ந்தது. கணினியை அழித்து நிறுவும் செயலுக்கும் இது பொருந்தும். இருப்பதை அறியாதவர் கையில் எப்பொருளும் குப்பையாகிவிடும். ஆகவே சேமிப்பிடம் பற்றிய ஆய்வு, பாதுகாப்பு, அறியப்படுதல் என்னும் இரண்டையும் அளவுகோலாகக் கொள்ள வேண்டும்.

மூன்று இயங்குதளங்களின் மரபு

தொடக்கக் கால விண்டோஸில் மென்பொருள்கள் தம் அமைப்புகளைத் தம் சொந்தக் கோப்புறையிலோ இயங்குதளத்தின் கோப்புறையிலோ எழுதின. ஒரு கணினிக்கு ஒருவரே பயனர் என்றிருந்த காலத்தில் இது குறையாகத் தோன்றவில்லை. பல பயனர் கணக்குகள் வந்தபின், மென்பொருள் நிறுவப்படும் ‘புரோகிராம் ஃபைல்ஸ்’ கோப்புறை சாதாரணப் பயனர் எழுத இயலாத இடமாயிற்று. 2007இல் பொதுப் பயன்பாட்டிற்கு வந்த விண்டோஸ் விஸ்டா, பழைய மென்பொருள்கள் அங்கே எழுத முயன்றால், அவற்றை ‘வெர்ச்சுவல்ஸ்டோர்’ என்னும் வேறோர் இடத்திற்கு ஓசையின்றித் திருப்பிவிட்டது. மென்பொருள் நின்றுபோகவில்லை. ஆனால் தரவு எங்கே எழுதப்பட்டது என்பதைப் பயனரோடு மென்பொருளும் அறியாத நிலை உருவாயிற்று.

விண்டோஸின் இன்றைய மரபு ஒவ்வொரு பயனர் கணக்கிற்கும் ‘ஆப்டேட்டா’ என்னும் மறைக்கப்பட்ட கோப்புறையை வகுத்துள்ளது. அதனுள் ‘ரோமிங்’ என்பது, நிறுவனப் பிணையத்தில் பயனர் வேறு கணினியில் நுழையும்போது உடன்செல்ல வேண்டிய அமைப்புகளுக்கு உரியது. ‘லோக்கல்’ என்பது அக்கணினியிலேயே தங்க வேண்டியவற்றுக்கு உரியது. எல்லாப் பயனர்களுக்கும் பொதுவானவை ‘புரோகிராம்டேட்டா’வில் இடம்பெறும். மேக் இயங்குதளத்தில் பயனரின் ‘லைப்ரரி’ கோப்புறை இப்பணியைச் செய்கிறது. 2011இல் வெளிவந்த லயன் பதிப்பு முதல் அதுவும் இயல்பாகவே மறைக்கப்பட்டுள்ளது. லினக்ஸில், புள்ளியில் தொடங்கும் பெயருடைய கோப்புகள் மறைந்திருக்கும் வழக்கைப் பயன்படுத்தி ஒவ்வொரு மென்பொருளும் பயனரின் இல்லக் கோப்புறையில் தன் விருப்பப்படி எழுதி வந்தது. 2003 முதல் உருவான எக்ஸ்.டி.ஜி அடிப்படைக் கோப்புறை வரையறை இதனை ஒழுங்குபடுத்த முயன்றது. அமைப்புகள், பயனர் தரவு, அழித்தாலும் மீண்டும் உருவாகும் இடைக்காலக் கோப்புகள் ஆகியவற்றுக்குத் தனித்தனி இடங்களை அது வகுத்தது.

எக்ஸ்.டி.ஜி வரையறையின் சிறப்பு அது இடத்தை மட்டுமன்றித் தரவின் இயல்பையும் பிரித்துக் காட்டியதில் உள்ளது. எதை இழந்தால் மீட்க முடியாது, எதை இழந்தால் மீண்டும் அமைத்துக்கொள்ளலாம், எதை இழந்தால் ஒன்றும் ஆகாது என்னும் மூன்று வினாக்களுக்கு அது விடை தருகிறது. ஆனால் மூன்று இயங்குதளங்களின் மரபுக்கும் பொதுவான குறை ஒன்றுண்டு. பயனர் தாமே உருவாக்கிய அகராதியும் சாளரத்தின் அகலம் பற்றிய குறிப்பும் ஒரே மறைவிடத்தில் வைக்கப்படுகின்றன. பயனர் கவனக்குறைவால் கோப்பை அழித்துவிடாமல் காப்பதற்காகவே மறைத்தல் ஏற்பட்டது. அம்மறைவே அக்கோப்பைக் காப்புப்படி எடுக்க விடாமலும் செய்துவிட்டது.

டி வட்டு வழக்கம்

தமிழகத்துக் கணினிப் பயனர்களிடையே எந்தப் பாடநூலும் கற்பிக்காமலே பரவிய ஒரு விதி உண்டு. ‘சி-யில் எதையும் வைக்காதே, டி-யில் வை’ என்பதே அது. கணினி விற்பவர் வன்தட்டை இரண்டாகவோ மூன்றாகவோ பிரித்துத் தருவார். சி வட்டில் இயங்குதளம் இருக்கும். நச்சுநிரல் புகுந்தாலோ வேகம் குறைந்தாலோ சி வட்டை மட்டும் அழித்து மீண்டும் நிறுவலாம். பழுது நீக்குபவர் கேட்கும் முதல் வினாவே ‘சி டிரைவில் ஏதும் இருக்கிறதா’ என்பதுதான். பயனரும் மேசைமுகப்பில் உள்ள கோப்புகளை மட்டும் நகலெடுத்துவிட்டு ‘இல்லை’ என்பார்.

இவ்வழக்கத்தை அறியாமை எனத் தள்ளுவது பிழை. அது அனுபவத்தால் பெற்ற அறிவு. கோப்பு எனத் தெரிபவை அனைத்தையும் அது காத்து வந்துள்ளது. ஆனால் ஆப்டேட்டா சி வட்டிலேயே உள்ளது. லிப்ரெஆபீஸின் பயனர் அகராதி ரோமிங் கோப்புறையின் ஆழத்தில், மென்பொருளின் பெயரையும் ‘4’ என்னும் எண்ணையும் தாங்கிய உட்கோப்புறைக்குள் இருக்கிறது. மென்பொருளின் பதிப்பெண் எத்தனையோ மாறியும் அவ்வெண் மாறவில்லை. பதிப்பெண்ணைக் கொண்டு தேடுபவருக்கும் அது துணை செய்வதில்லை. மைக்ரோசாஃப்ட் வேர்டின் தனிப்பயன் அகராதியும், ஃபயர்பாக்ஸ் உலாவியின் சொற்பட்டியலும் ரோமிங் கோப்புறைக்குள்ளேயே உள்ளன. பயனரின் விதியும் மென்பொருளின் விதியும் தனித்தனியே நோக்கின் முறையானவை. இரண்டும் சந்திக்கும் இடத்தில்தான் இழப்பு நேர்கிறது.

விண்டோஸ் 10 பதிப்பிற்கான ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிவடைந்துள்ளமையால், கணினிகளை மாற்றுவதும் மீண்டும் நிறுவுவதும் கல்லூரிகளிலும் இல்லங்களிலும் பெருகும் காலம் இது. 2023 டிசம்பர் 17, 18 ஆகிய நாள்களில் பெய்த பெருமழையில் தாமிரபரணிக் கரை ஊர்களின் வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்ததையும் இங்கு நினைவிற் கொள்ளலாம். நீரில் மூழ்கிய கணினிக்கு சி, டி என்னும் வேறுபாடு இல்லை. அந்நிலையில் மிஞ்சுவது வேறிடத்தில் வைத்த காப்புப்படி மட்டுமே. கண்ணில் படாத கோப்பு காப்புப்படியில் இடம்பெறுவதில்லை.

ஒரு கணினி, இரண்டு இல்லங்கள்

தமிழக அரசு 2011 செப்டம்பரில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்திற்கான கணினிகளை எல்காட் கொள்முதல் செய்தது. தொடக்கக் காலக் கணினிகளில் விண்டோஸுடன் சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் நிறுவப்பட்டிருந்தது. கட்டற்ற மென்பொருளை மாணவர்க்கு அறிமுகப்படுத்திய வகையில் இது பாராட்டத்தக்க முயற்சி.

ஆயினும் தரவின் நோக்கில் மாணவர் ஒருவருக்கு ஒரே கணினியில் இரண்டு இல்லங்கள் அமைந்தன. ஒரே உலாவியையும் ஒரே அலுவலகத் தொகுப்பையும் இரு இயங்குதளங்களிலும் பயன்படுத்தினாலும், ஒன்றில் சேர்த்த சொல் மற்றொன்றில் தென்படாது. விண்டோஸ் வட்டிலுள்ள ஆவணத்தை லினக்ஸிலிருந்து திறக்க முடியும். அமைப்புகளும் அகராதிகளும் அந்தந்த மறைவிடங்களிலேயே தங்கிவிடும். பயனர் அகராதி, ஆவணம்போல ஒரு பொதுக் கோப்பாக, பயனர் சுட்டும் இடத்தில் இருந்திருப்பின் இச்சிக்கல் எழுந்திராது. தன் சொற்களை எல்லாம் மறந்துவிடும் இயங்குதளத்தை விட்டு மாணவர் விலகுவது இயல்பு. கட்டற்ற மென்பொருள் பரவலுக்கான தடைகளைப் பேசுவோர் இச்சிறு தடையையும் கணக்கிற் கொள்ள வேண்டும்.

ஒருவருக்கு ஒரு கணக்கு என்னும் எடுகோள்

மேற்கண்ட மரபுகள் அனைத்தும், ஒரு பயனர் கணக்கு ஒரு மனிதரைக் குறிக்கும் என்னும் எடுகோளின் மீது எழுந்தவை. கல்லூரிக் கணினிக்கூடமும் ஊர்தோறும் உள்ள பிரவுசிங் சென்டரும் இவ்வெடுகோளுக்கு உட்படுவதில்லை. அங்கே ஒரே கணக்கில் பலர் அமர்கின்றனர். கல்வி உதவித்தொகைக்கு விண்ணப்பித்த மாணவரின் ஆதார் நகல் பதிவிறக்கக் கோப்புறையில் கிடக்கிறது. சமீபத்திய கோப்புகளின் பட்டியல் முன்னவர் எழுதியதை அடுத்தவருக்குக் காட்டுகிறது. பல உலாவிகள் நினைவில் வைத்த கடவுச்சொல், விண்டோஸில் அப்பயனர் கணக்கோடு பிணைத்து மறைகுறியாக்கம் செய்யப்படுகிறது. கணக்கே பொதுவாயின் அப்பூட்டு எவருக்கும் திறக்கும்.

இங்கே சேமிப்பிடத்தைத் திருத்துவதால் மட்டும் தீர்வு கிட்டாது. மென்பொருள் தான் எழுதியவற்றை ஒரே கட்டளையால் துடைத்துச் செல்லும் வழியையும் தர வேண்டும். ஒரு மென்பொருள் தன் தரவைப் பத்து இடங்களில் சிதறி வைத்திருப்பின் அவ்வாறு துடைப்பது அரிது. ஆகவே ஓரிடத்தில் வைத்தல் என்பது பேணுவதற்கு எவ்வளவு தேவையோ அகற்றுவதற்கும் அவ்வளவு தேவை.

ஆய்வாளர் கையாளும் இரண்டு மென்பொருள்கள்

வட்டார அகராதி தொகுப்போரும் பழங்குடி மொழிகளை ஆவணப்படுத்துவோரும் எஸ்.ஐ.எல் நிறுவனத்தின் ஃபீல்டுவொர்க்ஸ் மென்பொருளைக் கையாளுகின்றனர். இது தன் ஆய்வுத்திட்டங்களை இயல்பாக புரோகிராம்டேட்டாவில் சேமிக்கிறது. ஒரே கணினியில் பலர் ஒரே அகராதியில் பணிபுரிவதற்கு இது வாய்ப்பளிக்கிறது. ஆனால் அவ்விடம் மறைக்கப்பட்டது. கணினியின் பிற பயனர்களுக்கும் பொதுவானது. ஆய்வாளரின் வாழ்நாள் உழைப்பு டி வட்டிலும் இல்லை, அவருடைய பயனர் கோப்புறையிலும் இல்லை. தகவலாளிகளின் பெயர், சாதி, ஊர் முதலிய குறிப்புகள் அத்தரவில் இருப்பின், அவை துறையின் பொதுக் கணினியில் எவரும் நெருங்கும் இடத்தில் இருக்கின்றன. காப்புப்படிகளை ஆவணக் கோப்புறையில் எழுதும் வசதியை இம்மென்பொருள் தருகிறது என்பதையும் நேர்மையாகக் குறிப்பிட வேண்டும். எனினும் காப்புப்படி எடுத்தவரே அதன் பயனை அடைவார்.

மேற்கோள் நூல்களை ஒழுங்குபடுத்தும் சொட்டேரோ மாறான வழியில் சென்றது. ஃபயர்பாக்ஸின் துணைநிரலாக இருந்த காலத்தில் அதன் தரவு அவ்வுலாவியின் மறைந்த கோப்புறைக்குள் இருந்தது. 2017இல் தனி மென்பொருளாகிய ஐந்தாம் பதிப்பு முதல், புதிதாக நிறுவுவோரின் நூற்பட்டியலும் இணைப்புகளும் பயனரின் இல்லக் கோப்புறையில் ‘சொட்டேரோ’ என்னும் பெயரிலேயே வெளிப்படையாக அமைகின்றன. அமைப்புகள் மட்டும் ரோமிங் கோப்புறையில் தங்குகின்றன. தரவுக் கோப்புறையை வேறிடத்திற்கு மாற்றும் வசதியும் உண்டு. எனவே டி வட்டு வழக்கமுடையவர் தம் விதியை விடாமலே இதனைக் கையாளலாம். படைத்ததையும் அமைப்பையும் பிரித்து வைத்ததே இதன் சிறப்பு. தமிழ் மென்பொருள் ஆக்குவோர்க்கு இது முன்மாதிரியாகத் தக்கது.

ஆவணக் கோப்புறையும் மேகமும்

அவ்வாறாயின் எல்லாவற்றையும் ஆவணக் கோப்புறையில் வைத்துவிடலாமே என்னும் வினா எழும். இன்றைய விண்டோஸில் மேசைமுகப்பு, ஆவணங்கள், படங்கள் ஆகிய கோப்புறைகளை ஒன்டிரைவ் மேகச் சேமிப்போடு இணைக்கும் ஏற்பாடு உள்ளது. இணைத்தபின் ஆவணக் கோப்புறையில் வைப்பது வெளிச் சேவையகத்திற்கும் செல்கிறது. வெள்ளத்திலிருந்து தரவைக் காப்பதற்கு இது நல்ல வழியே. ஆனால் இலவச அளவு 5 ஜிபி மட்டுமே. களப்பணி ஒலிப்பதிவுகளுக்கு அது போதாது. மேலும், திறந்திருக்கும் தரவுத்தளக் கோப்பை மேகம் இடையில் நகலெடுப்பின் அது சிதையக்கூடும். தரவுக் கோப்புறையை மேகக் கோப்புறைக்குள் வைக்க வேண்டா எனச் சொட்டேரோவின் ஆவணங்களே எச்சரிக்கின்றன.

இதனினும் முதன்மையானது ஒப்புதல் பற்றிய வினா. ‘ஆய்வாளரின் கணினியில் மட்டும் இருக்கும்’ என்ற சொல்லை நம்பிப் பேசிய மூதாட்டியின் குரல், ஆய்வாளர் அறியாமலே வெளியே செல்லுமாயின் அவ்வாக்கு பொய்த்ததாகும். ஆவணக் கோப்புறை இன்று வெறும் இடமன்று, வெளியே திறக்கும் வாயில் என்பதை உணர்ந்தே மென்பொருள் அதனைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

தமிழ்ப் பெயரும் கோப்புப் பாதையும்

தமிழ்ப் பயனருக்கே உரிய சிக்கல் ஒன்றும் உண்டு. பயனர் கோப்புறை கணக்கின் பெயரால் அமைவது. ஒருவர் ‘முருகன்’ எனத் தமிழில் பெயரிட்டால் அவருடைய ஆப்டேட்டாவுக்குச் செல்லும் பாதையிலும் தமிழெழுத்து இடம்பெறும். விண்டோஸின் பழைய எட்டுத்துகள் குறியேற்றப் பக்கங்களில் தமிழுக்கு இடமில்லை. யுனிகோடு வழியாகவே தமிழ் அங்கு நுழைந்தது. பழைய முறையில் கோப்புகளைத் திறக்கும் மென்பொருள் அப்பெயரைக் கேள்விக்குறிகளாகவே காணும். கோப்பைத் திறக்கத் தவறும். 2019இல் வெளியான விண்டோஸ் 10 பதிப்பு முதல், மென்பொருள் யூ.டி.எஃப்-8 குறியேற்றத்தைத் தனக்கென அறிவித்துக்கொள்ள வழி உண்டு. ஆக்குவோர் அதனை மேற்கொண்டால்தான் பயன் விளையும். கணினியில் தன் பெயரைத் தமிழில் எழுதுவோரின் தரவுக்கு இடமளிக்க இயலாத மென்பொருள், சேமிப்பிட மரபைக் கடைப்பிடித்தும் தோற்றதே ஆகும்.

சட்டத்தின் எல்லை

அந்தரங்கம் அடிப்படை உரிமை என 2017இல் புட்டசாமி வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதனைத் தொடர்ந்து உருவான 2023ஆம் ஆண்டின் எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒப்புதல் கோரும் அறிவிப்பை எட்டாவது அட்டவணை மொழிகளிலும் பெறும் உரிமையை வழங்குகிறது. ஆனால் தனிமனிதர் தம் சொந்தத் தேவைக்கோ இல்லத் தேவைக்கோ கையாளும் தரவுக்கு அச்சட்டம் பொருந்தாது. ஆய்வு நோக்கிலான கையாளுகைக்கும் வரையறைக்குட்பட்ட விலக்கு உண்டு. ஆகவே, தரவை வெளியே அனுப்பாத மேசைக்கணினி மென்பொருள் அதனை எவ்விடத்தில் எழுதுகிறது எனப் பயனருக்குச் சொல்ல வேண்டிய கட்டாயத்தை இச்சட்டத்திலிருந்து பெறுவது அரிது. சட்டம் நிற்குமிடத்தில் தொழிலறம் தொடங்க வேண்டும்.

மறுப்புகளும் விடைகளும்

மறைவிடத்தை வெளிப்படுத்தினால் பயனர் கோப்புகளைத் தவறாக அழித்துவிடுவர் என்பது ஆக்குவோர் கூறும் மறுப்பு. அமைப்புகளைப் பொறுத்தவரை இது ஏற்கத்தக்கது. பயனர் படைத்தவற்றுக்கு இது பொருந்தாது. தாம் எழுதிய கட்டுரையைத் தாமே அழித்துவிடுவார் என அஞ்சி எவரும் கட்டுரையை மறைப்பதில்லை. ஒவ்வொரு மென்பொருளும் இல்லக் கோப்புறையில் ஒரு கோப்புறையை உருவாக்கினால் அது குப்பைமேடாகும் என்பது மற்றொரு மறுப்பு. இதில் உண்மை உண்டு. முதன்முறை திறக்கும்போதே இடத்தைப் பயனரிடம் கேட்டுப் பெறுவது இதற்கு விடையாகும். மென்பொருளையும் தரவையும் பென்டிரைவில் ஒருங்கே வைத்துச் செல்லும் முறை, சொந்தக் கணினி இல்லாத மாணவர்க்கு ஏற்றது. பென்டிரைவ் தொலைந்தால் இரண்டும் தொலையும் என்பதால் அதற்கும் காப்புப்படி தேவை.

முடிவுரை

ஆய்வாளரின் சொற்பட்டியல் யாருடைய பிழையால் அழிந்தது என்னும் வினாவுக்கு இனி விடை கூறலாம். பழுது நீக்குபவர் தம் முறைப்படியே செய்தார். ஆய்வாளர் தாம் அறிந்த கோப்புகளைக் காத்தார். மென்பொருள் இயங்குதள மரபைப் பின்பற்றியது. பயனரின் படைப்பை அமைப்பு எனத் தவறாக வகைப்படுத்தியதே பிழை. எனவே பின்வரும் நெறிகள் முன்வைக்கப்படுகின்றன.

1. பயனர் தாமே சேர்த்த சொற்கள், குறிப்புகள், பட்டியல்கள் ஆகியவை படைப்பாகக் கொள்ளப்பட்டு, அவர் தேர்ந்த, கண்ணுக்குத் தெரியும் இடத்தில் எளிய உரைக்கோப்பாகவோ, அவ்வாறு ஏற்றுமதி செய்யத்தக்கதாகவோ அமைதல் வேண்டும்.

2. அமைப்புகள் இயங்குதளம் வகுத்த மறைவிடத்திலும், இடைக்காலக் கோப்புகள் அவற்றினின்று வேறான, அச்சமின்றி அழிக்கத்தக்க இடத்திலும் இருத்தல் வேண்டும்.

3. கடவுச்சொற்கள் இயங்குதளத்தின் பூட்டிய பெட்டகத்திலன்றி வேறெங்கும் எழுதப்படலாகாது.

4. மென்பொருள் நிறுவப்பட்ட கோப்புறையில் பயனர் தரவு எதுவும் எழுதப்படலாகாது. பென்டிரைவ் பதிப்பு இதற்கு விலக்கு.

5. ‘உங்கள் தரவு இங்கே உள்ளது’ எனத் தமிழில் காட்டி, அக்கோப்புறையைத் திறக்கவும், நகலெடுக்கவும், முழுவதும் துடைக்கவும் வழிசெய்யும் ஒரு பக்கம் ஒவ்வொரு தமிழ் மென்பொருளிலும் இடம்பெற வேண்டும்.

இவற்றுள் ஐந்தாவது நெறி மிகக் குறைந்த உழைப்பில் நிறைவேறக்கூடியது. பெரும் பயன் தரக்கூடியதும் அதுவே. பல்கலைக்கழகங்களின் ஆய்வு நெறிமுறைத் தாளில் மேற்கோள் முறை கற்பிக்கப்படுவதுபோல, ஆய்வாளர் தம் மென்பொருள்களின் சேமிப்பிடங்களைக் கண்டறிந்து ஒரு தாளில் எழுதி வைக்கும் பயிற்சியும் சேர்க்கப்படலாம். வட்டாரச் சொற்கள் பேச்சிலிருந்து மறைவதைத் தடுப்பது எளிதன்று. எழுத்தில் ஏறியவை ஒரு மறைந்த கோப்புறையோடு அழிவதைத் தடுக்க இப்பயிற்சியும் மேற்கண்ட நெறிகளும் போதுமானவை.